மாதிரி ரயில் என்ஜின்கள் இரண்டைச் சேர்த்து ஓட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் டிசிசி (ஒவ்வொரு என்ஜினுக்கும் தனி எண் கொடுத்து டிஜிட்டலாக ஓட்டும் முறை) இல்லை. சாதாரண டிசி கன்ட்ரோலரில் இரண்டு என்ஜின்களைப் பூட்டி ஓட்டலாமா?

பதில்: தாராளமாக. தண்டவாளத்தில் வரும் வோல்டேஜ் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகும். இரண்டு மோட்டாருக்கும் போதுமான கரன்ட்டை கன்ட்ரோலர் தருமா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: டிசிசியில் கன்சிஸ்ட் போட்டேன், அதாவது இரண்டு என்ஜின்களையும் ஒரே எண்ணில் சேர்த்தேன். ஒன்றையொன்று இழுக்கிறது, சக்கரம் வழுக்குகிறது.

பதில்: இரண்டின் வேகமும் ஒத்துப்போகவில்லை. இதைச் சரிசெய்யாமல் கன்சிஸ்ட் போடவே போடாதீர்கள், மோட்டார் வீணாகச் சூடாகும். முதலில் இரண்டையும் தனித்தனியாகக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடேற்றுங்கள். அப்புறம் பூட்டாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒரே வட்டத்தில் ஓடவிட்டுக் கவனியுங்கள். மெதுவாக ஓடுவதுதான் அளவுகோல். வேகமானதைக் குறைக்கலாம், மெதுவானதை அதன் மோட்டாரைத் தாண்டிக் கூட்ட முடியாது. வேகமானதில் சிவி 5-ஐ (சிவி என்பது என்ஜினுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லான டீகோடரில் நாம் மாற்றி எழுதக்கூடிய அமைப்பு) குறைத்து உச்ச வேகத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு சிவி 2-ல் புறப்படும் வேகம், சிவி 6-ல் நடு வேகம். இதைச் செய்யும்போது வேகம் படிப்படியாகக் கூடுவதற்கான சிவி 3, குறைவதற்கான சிவி 4 இரண்டும் 0-ல் இருக்கட்டும். பிறகு அவற்றை இரண்டு என்ஜினிலும் ஒரே மாதிரி எழுதிக்கொள்ளலாம். பின்னோக்கியும் ஓட்டிப் பாருங்கள், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். உச்ச வேகத்தில் சின்ன வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. புறப்படும்போதும் மெதுவாகப் போகும்போதும் கச்சிதமாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுது போனாலும் தகும்.

கேள்வி: இரண்டு டீசல்களை முதுகோடு முதுகாக வைத்தால் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றனவே?

பதில்: திருப்பி வைத்த என்ஜினின் சிவி 19-ல், கன்சிஸ்ட் எண்ணோடு 128-ஐக் கூட்டி எழுதுங்கள். கன்சிஸ்ட் எண் 10 என்றால் முன்னதில் 10, திருப்பி வைத்ததில் 138.

கேள்வி: கன்சிஸ்டைக் கலைத்த பிறகு ஒரு என்ஜின் அதன் சொந்த எண்ணுக்கு அசையவே இல்லை. டீகோடர் போய்விட்டதா?

பதில்: பயப்படாதீர்கள். சிவி 19-ல் பழைய கன்சிஸ்ட் எண் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் 0 எழுதிப் பாருங்கள். கைமாறி வந்த என்ஜின் ஓடாவிட்டாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரு என்ஜினை ரயிலின் வாலில் வைத்துத் தள்ளவிடலாமா?

பதில்: அழகாக இருக்கும். மகாராஷ்டிராவில் கர்ஜத்–லோனாவாலா இடையே போர் காட் மலைப்பாதை ஏற்றத்தில் நிஜ ரயில்களையே அப்படித்தான் தள்ளுகிறார்கள். மாதிரியில் கவனம் தேவை: பின்னது அதிகம் தள்ளினால் வளைவில் லேசான பெட்டிகள் தடம் புரளும். முன்னதைவிட அதை ஒரு பொடி மெதுவாக வையுங்கள், பெட்டிகளுக்குக் கொஞ்சம் எடை சேருங்கள்.