போர்க் காலத்தைப் புரிந்துகொள்ளக் கவிதை உதவுமா? வரலாற்று நூல்கள் போதாதா?

உங்கள் வீட்டிலும் யாரோ பெரியவர் வாயே திறப்பதில்லை போலிருக்கிறது. என் ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். எங்கள் வீட்டில் அது அப்பா.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அவருக்கு 19 வயது. பின்னேரங்களில் அங்கேதான் கிடப்பாராம். அதுகூட அம்மா சொன்னது. அவரைக் கேட்டால் "எரிச்சாங்கள், அவ்வளவுதான்" என்று எழுந்து போய்விடுவார். ஏறத்தாழ 97,000 நூல்கள் போனதை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன், டொரன்டோவில் ஒரு நினைவுக் கூட்டத்தில் எம். ஏ. நுஃமான் நூலக எரிப்பைப் பற்றி எழுதிய 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை வாசிக்கச் சொன்னார்கள். எழுதியவர் கிழக்கிலங்கையின் கல்முனைக்குடிக்காரர், அப்போது யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளர். முந்தின இரவு குசினியில் சத்தமாக வாசித்துப் பழகினேன். கவிதையில் வரும் கனவில் சிவில் உடைப் பொலிசார் புத்தரைச் சுடுகிறார்கள். உடல் நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறது. அமைச்சர்கள் இருட்டில் வந்து, பட்டியலில் இல்லாத பெயராயிற்றே என்று கோபிக்கிறார்கள். பிறகு தொண்ணூறாயிரம் புத்தகங்களால் உடலை மூடி...

"பிழை" என்றார் அப்பா. "ரெண்டு என்னட்ட இருந்தது."

கணிதம் ஒன்று, பௌதிகம் ஒன்று. இரவல் எடுத்தவை. கடைசித் தாளில் யூன் 12 என்று நாவல் நிறத்தில் முத்திரை. அன்றைக்கு இரண்டையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஏன் கொண்டு போனீர்கள் என்றேன். "தவணை முடிஞ்சுது எல்லோ." கரி மணத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாராம். 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் அலுமாரியே இல்லை.

கவிதையை வைத்து வரலாறு எழுதலாமா என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை. எண்ணிக்கைக்கு ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் 97,000 என்று நான் எத்தனையோ தடவை சொல்லியும் பேசாதிருந்த மனிதர், கவிதையில் வந்த ஓர் எண்ணோடு மல்லுக்கு நின்றார். நான் இலக்கியம் படித்தவனில்லை, ஏன் என்று விளக்கத் தெரியாது.

அந்தக் கூட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், வேறெங்கே சொல்வது. தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். பொன்னாடை போர்த்தியவருக்கே இன்னொருவர் பொன்னாடை போர்த்தினார். கவிதைக்கு மூன்று நிமிடம். அதிலும் பாதியிலேயே முடிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு வந்தது. நான் விடாமல் வாசித்தேன். தொண்ணூறாயிரம் என்ற சொல் வந்ததும், மூன்றாம் வரிசையிலிருந்து அப்பா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் இரண்டு நிமிடம் கேட்கிறார் என்று நினைத்த அமைப்பாளர், முடியாது என்று அவருக்குக் கையசைத்தார்.