கம்பு முழுசாகத் தெரியும் படங்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாமான் (குடியிருப்பு) பாலாய் ராயாவில் (சமூகக் கூடத்தில்) பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித் தருகிறோம். வருகிறவர்கள் 10 முதல் 16 வயது வரை உள்ளவர்கள். பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பள்ளி விடுமுறையில் நல்ல சண்டைப் படங்களைப் போட்டுக் காட்டலாம் என்று நினைக்கிறோம். புரூஸ் லீயா, ஜாக்கி சானா, டோனி ஜாவா, யார் பெரியவர் என்று ஓயாமல் வாதாடுகிறார்கள். சிலர் “எல்லாம் கயிறும் கம்ப்யூட்டரும்தான் மாஸ்டர்” என்கிறார்கள். எந்தப் படங்களைக் காட்டலாம்? எதைக் கவனிக்கச் சொல்லலாம்? கம்பு பழகுகிறவர்களுக்கு இதில் ஏதும் பயன் உண்டா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

பயன் உண்டு, படத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். அதற்கு ஒரு சோதனை போதும். சண்டை நடக்கும்போது நடிகரின் கால் விரலிலிருந்து கம்பின் இரண்டு முனைகள் வரை திரைக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் காட்டுங்கள். இடுப்புக்கு மேலே மட்டும் காட்டி, ஒவ்வோர் அடிக்கும் காட்சியை வெட்டி ஒட்டிய படத்தில் எவ்வளவு பெரிய வீரர் நடித்திருந்தாலும் உங்கள் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அடி எங்கிருந்து புறப்பட்டது என்பதே அதில் தெரியாது. கம்பின் வேகம் பின்காலில் தொடங்கி இடுப்பு வழியாகத் தோளுக்கு வருகிறது என்று நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். அதைக் கண்ணால் காட்டும் படங்கள்தான் வேண்டும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் பிள்ளைகள் சொல்லும் மூன்று பெயர்களுக்கும் முன்னால் ஹாங்காங் நடிகர் கார்டன் லியூ வருகிறார். அவர் நடித்த ‘36ஆவது சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ (1978), ‘எயிட் டயகிராம் போல் ஃபைட்டர்’ (1984) இரண்டையும் இயக்கியவர் லாவ் கார்-லியுங். லாவ் வெறும் சினிமாக்காரர் அல்ல. புகழ்பெற்ற சீன ஆசான் வோங் ஃபெய்-ஹுங்கின் மாணவர் லாம் சாய்-விங். அந்த லாமிடம் கற்றவர்தான் லாவின் தந்தை. ஹுங் கார் என்னும் அந்தத் தென்சீனக் குங்ஃபூ பரம்பரைக் கலையைத்தான் லாவ் திரையில் வைத்தார். தனக்குத் தெரிந்த கலை என்பதால் அதை வெட்டி ஒட்டி மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. கேமராவைத் தள்ளி வைத்து, பல அசைவுகளை ஒரே ஷாட்டில் ஓடவிடுவார்.

முதல் படம் பயிற்சியைப் பற்றியது. பெரும்பகுதி ஷாவ்லின் மடத்தின் பயிற்சி அறைகள்தான். கைகளை நீட்டித் தண்ணீர் வாளி சுமக்கும் மாணவனின் மேல்கையில் கத்தி கட்டியிருக்கும். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். மணிக்கட்டு உரமேற, நீண்ட கழியின் நுனியில் கனத்தைக் கட்டி மணியை அடிக்க வேண்டும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்தி விளக்கொளியைத் தொடர வேண்டும். இந்த அறைகளை வீட்டில் செய்து பார்க்கச் சொல்லாதீர்கள். எந்த அறை எந்த உறுப்புக்கு என்று மட்டும் கேளுங்கள். கடைசியில் அவன் மூங்கிலிலிருந்து மூன்று துண்டுகளை இணைத்த கம்பை உருவாக்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, “ஒரே நீளக் கம்பால் செய்ய முடியாத எதை இது செய்கிறது?” என்று கேட்கலாம். எதிரியின் தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறது என்பதை ஒரு பிள்ளையாவது சொல்லிவிடும்.

இரண்டாவது படம் முழுக்க முழுக்கக் கம்பு. துரோகத்தால் குடும்பத்தை இழந்த வீரன் ஈட்டி முனையை வெட்டிப் போட்டுவிட்டு, வெறும் கழியோடு மடத்துக்குப் போகிறான். ஈட்டிக்காரன் கம்புக்காரனாக மாறும்போது பிடி எப்படி மாறுகிறது என்பதை வேறெந்தப் படமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே, 1983இல், அதில் நடித்த அலெக்சாண்டர் ஃபூ ஷெங் கார் விபத்தில் இறந்துபோனார். அதனால் அவர் பாத்திரம் பாதியில் காணாமல் போகும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறுதிச் சண்டையில் பற்களைப் பிடுங்கும் காட்சிகள் உண்டு. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தப் படங்களில் வரும் கம்பு எல்லாம் ஒரே வகை அல்ல. சீனாவின் வடக்குப் பாணிக் கம்பு ஆள் புருவ உயரம். நம் கம்புக்கு நெருங்கி வரும், சுழற்றவும் செய்வார்கள். தெற்குப் பாணி நீள்கழி 8, 9 அடி கூட இருக்கும். அடிப்பக்கம் தடித்து நுனி மெலிந்திருக்கும். அதை ஒரு முனையில் பிடித்துக் குத்துவதும் தட்டி விலக்குவதும்தான் வேலை, சுழற்றுவது குறைவு. நெற்றி உயர ரோத்தானை (பிரம்புக் கம்பை) வைத்துக்கொண்டு அந்த நீள்கழிப் பிடியைப் பிடித்தால் முன்கை எதிரியின் அடிக்கு நேராகப் போய் நிற்கும், விரல்தான் உடையும். பிள்ளைகள் இதைத்தான் முதலில் செய்து பார்ப்பார்கள்.

கயிறும் கம்ப்யூட்டரும் என்கிறவர்களுக்குப் பதில்: படத்துக்குப் படம் வேறு. 70களின் ஹாங்காங் படங்களில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் வேகத்தில் ஒரு கைவேலை உண்டு. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தை 22 ஃபிரேமில் எடுத்தால் சண்டை சுமார் 9 விழுக்காடு வேகமாகத் தெரியும். 20இல் எடுத்தால் 20 விழுக்காடு. இதைக் கண்டுபிடிக்க வீரனைப் பார்க்காதீர்கள். பின்னால் நடந்துபோகிறவரின் நடை, மேலே எழும் தூசி, அங்கியின் ஓரம் விழும் வேகம் ஆகியவற்றைப் பாருங்கள். அவை துருதுருவென்று ஓடினால் வேகம் கூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அதனால் கலை பொய்யாகிவிடாது. அசைவுகளின் வரிசையும் கால் வைப்பும் நடிகருடையவைதான். வேகம் மட்டுமே கூடுதல். “விஷ்” என்ற ஓசையும் எலும்பு முறியும் சத்தமும் பின்னால் சேர்த்தவை. வசனமே பெரும்பாலும் பின்னால்தான் பதிவானது, ஆகவே எந்த மொழி டப்பிங்கில் பார்த்தாலும் பெரிய நட்டம் இல்லை.

நடிகரைக் கட்டித் தூக்கும் கயிறு என்றால் ஜெட் லீயின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா 2’ (1992) நல்ல பாடம். ஜெட் லீ வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் வென்று சினிமாவுக்கு வந்தவர். உடல் கோடு அவ்வளவு சுத்தம். எதிரே டோனி யென். இருவரும் கழியோடு மோதும் இடங்களும், யென் நனைத்து முறுக்கிய துணியைக் கம்பாக்கி அடிப்பதும் கம்பு பழகுகிறவர் தவறவிடக் கூடாதவை. ஆள் காற்றில் பறக்கும்போது கயிறு. தரையில் பாதம் இருக்கும்போது ஆட்டம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

உங்கள் ஊரிலிருந்து ஈப்போ பக்கம்தான். மிஷெல் யோ பிறந்தது அங்கே. வகுப்பில் பெண்பிள்ளைகள் இருந்தால் அவர் படத்திலிருந்தே தொடங்கலாம். அவர் சண்டைக் கலை பழகி வந்தவர் அல்ல, பாலே பயின்றவர். ‘போலீஸ் ஸ்டோரி 3’இல் (1992) ஓடும் ரயிலின் மீது மோட்டார் சைக்கிளோடு பாய்ந்ததும் அவர்தான். அதே படத்தில் ஜாக்கி சான் ஹெலிகாப்டர் ஏணியில் தொங்கியபடி கோலாலம்பூருக்கு மேலே போவார். பிள்ளைகள் கட்டடங்களை அடையாளம் சொல்லிக் குதிப்பார்கள். ஆனால் கற்க வேண்டியது ‘கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ (2000) படத்தின் பயிற்சிக்கூடச் சண்டை. சாங் சீயியிடம் எதையும் வெட்டும் ஒரே வாள். யோ இரட்டை வாள், ஈட்டி, கொக்கிவாள் என்று ஆயுதத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஆயுதம் மாறும்போது அவர் நிற்கும் தூரமும் மாறுகிறது: ஈட்டிக்கு எட்டி, கொக்கிக்கு ஒட்டி. சண்டை அமைத்தவர் யுவான் வூ-பிங். அந்த ஒரு காட்சியை மூன்று முறை போடுங்கள்: முதலில் சாதாரணமாக, பிறகு சத்தமில்லாமல், பிறகு பாதி வேகத்தில், கால்களை மட்டும் பார்க்கச் சொல்லி.

ஜாக்கி சானை அதே யுவான் இயக்கிய ‘டிரங்கன் மாஸ்டர்’ (1978) வழியாகக் காட்டுங்கள். பீக்கிங் ஆப்பரா பள்ளியில் சிறுவயதிலேயே வளைத்துப் பழக்கிய உடல் அது. அவர் தனிச்சிறப்பு, அடிபட்டால் வலிப்பது போல் அடிபடுவது. கம்பு பிடிக்கிறவர் அடி வாங்கும் பக்கத்தையும் கற்க வேண்டும். 1994இல் வந்த இரண்டாம் பாகத்தில் எரியும் கரியின் மேல் தவழும் காட்சி இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதைத் தாண்டி ஓட்டுங்கள்.

புரூஸ் லீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அவர் கம்புக்காரர் அல்ல, எதிரியோடு உள்ள தூரத்தை வைத்து ஆடுகிறவர். ‘வே ஆஃப் தி டிராகன்’ (1972) கொலோசியம் சண்டையில் சக் நாரிஸிடம் முதலில் அடிவாங்கி, பிறகு காலை லேசாக்கித் துள்ளத் தொடங்கியதும் ஆட்டம் திரும்பும். அந்தத் திருப்பத்தை மட்டும் காட்டினாலே போதும். ‘என்டர் தி டிராகன்’ (1973) குகைச் சண்டையில் அவர் கழுத்தை முறிக்கும் அடியாட்களில் ஒருவர் ஜாக்கி சான். யார் பெரியவர் என்ற வாதத்துக்கு அங்கே ஓர் இடைவேளை கிடைக்கும்.

டோனி ஜாவின் ‘ஓங் பாக்’ (2003) கயிறில்லாமல் எடுத்தது, பிள்ளைகள் கேட்கும் சந்தேகத்துக்கு நேரான பதில். ஆனால் முழங்காலும் முழங்கையும்தான் அதில் ஆயுதம். ஈக்கோ உவைஸின் ‘தி ரெய்ட்’ (2011) சீலாட் என்ற தற்காப்புக் கலையை அருமையாகக் காட்டினாலும் ரத்தம் அதிகம். பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், ஆசான்கள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில், எம்.ஜி.ஆர். சிலம்பம் தெரிந்தவர் என்பதால் ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்தில் வண்டியில் இருந்தபடி கம்பு சுற்றும் சண்டையை ஒரு முறை போடலாம். உட்கார்ந்த நிலையில் இடுப்பு பூட்டிக்கொண்டால் தோளுக்கு எவ்வளவு வேலை கூடுகிறது என்று பிள்ளைகளே பார்ப்பார்கள்.

இனி கருவி. லாவின் படங்கள் அகலத்திரைக்கு எடுத்தவை. பழைய விசிடிகள் பலவற்றில் இருபக்கமும் வெட்டிச் சதுரமாக்கிவிட்டார்கள். போய்விடுவது சரியாகக் கம்பு முனைகள்தான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் அதுதான் சரியான பிரதி, ‘ஜூம்’ பொத்தானை யாரும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ‘பால்’ (PAL) என்ற காணொளி முறை வட்டுகள் 24 ஃபிரேம் படத்தை 25இல் ஓட்டும். 100 நிமிடப் படம் 96இல் முடிந்துவிடும். ஆக ஏற்கெனவே கூட்டிய வேகத்தின் மேல் இன்னும் 4 விழுக்காடு ஏறும், அதனால் கால்களைப் படிக்கும்போது பாதி வேகம் கட்டாயம். டிவியில் போடுவதானால் ‘மோஷன் ஸ்மூத்திங்’ அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இல்லாத ஃபிரேம்களை நடுவில் செருகி, வேகமாகச் சுழலும் கம்பைக் குழைத்துவிடும்.

படம் முடிந்த கையோடு பிள்ளைகள் கம்பை எடுப்பார்கள். நாற்காலிகளை ஓரம் தள்ளி, ஒருவருக்கொருவர் இரண்டு கம்பு நீளம் இடம் விட்ட பிறகே எடுக்கச் சொல்லுங்கள். பாலாய் ராயாவின் கூரை விசிறிகளை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்