டிரங்குப் பெட்டியில் இருக்கும் வாழ்க்கை
முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான கேள்வி – பதில்

கேள்வி: என் அப்பா 86 வயதில் காலமானார். 1959-ல் மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியியல் படை) சேர்ந்து 1977-ல் ஹவில்தாராக விலகி வந்தவர். பிறகு 20 வருடம் ஒரு வங்கியில் காவலர் வேலை. போரைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததே இல்லை. பதினாறாம் நாள் காரியத்தில் நினைவு மலர் கொடுக்க ஆசைப்படுகிறோம். கையில் இருப்பது டிஸ்சார்ஜ் புக் (பணி விலகலின்போது தரும் பதிவுப் புத்தகம்), நான்கு பதக்கங்கள், அம்மா கட்டி வைத்திருக்கும் இன்லேண்ட் கடிதங்கள். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, ஆவடி

பதில்: முதலில், பதினாறாம் நாளுக்கு மலர் வேண்டாம். அன்றைக்குப் படத்திறப்பும் ஒரு அஞ்சலி அட்டையும் போதும். இரண்டு வாரத்தில் அவசரமாக அடித்த மலர்களில் பாதிக்கு மேல் "கடமை, கண்ணியம், கட்டுப்பாடு" என்ற வரிகளால்தான் நிரம்பியிருக்கும். பெயரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை அவ்வளவு இருக்கிறது.

டிஸ்சார்ஜ் புக்கில் தொடங்குங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம், டிரேடு (செய்த தொழில்), பதக்கங்கள், நடத்தை பற்றிய குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். பலரும் கவனிக்காமல் புரட்டிவிடுவது குடும்ப விவரப் பக்கத்தை. திருமணமும் குழந்தைகள் பிறந்ததும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ராணுவ உத்தரவு மூலம் பதிவாகி, அதன் எண்ணும் தேதியும் அங்கே ஏறியிருக்கும். அப்பாவின் பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஆள் சேர்ப்பின்போது தோராயமாகப் போட்ட தேதிகள் அந்தத் தலைமுறையில் ஏராளம். வீட்டில் சொல்லும் வயதும் ராணுவப் பதிவும் இடித்தால், மலரில் ஒன்றை மட்டும் போடுங்கள். முன்பக்கம் ஒன்று, உள்ளே ஒன்று என்று வந்துவிடக் கூடாது.

அடுத்தது கடிதங்கள். அனுப்புநர் முகவரியில் ஊர் இருக்காது, 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' (ராணுவ அஞ்சலகம்) என்றுதான் இருக்கும். 56 என்றால் பெரும்பாலும் வடக்கு, மேற்கு. 99 என்றால் கிழக்கு, அதாவது வங்காளம், அசாம் பக்கம். கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு நோட்டில் தேதி, ஏ.பி.ஓ. எண், யூனிட் பெயர் மூன்றையும் எழுதினாலே அப்பா எந்த வருடம் எந்தத் திசையில் இருந்தார் என்பது தெரிந்துவிடும். அதைப் பதக்கங்களோடு ஒப்பிடுங்கள். 1971-க்கான பூர்வி ஸ்டார் கிழக்கு முனைக்கு, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனைக்கு. 1965-க்கான சமர் சேவா ஸ்டார் போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்கு. ரக்ஷா மெடல் (1965), சங்கிராம் மெடல் (1971) இரண்டும் போர்முனைக்குப் போகாமல் அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கும் கிடைத்தவை. 15 ஆகஸ்ட் 1972 அன்று பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கமும் உண்டு. ஆகவே சங்கிராம் மெடலை மட்டும் வைத்து "டாக்காவில் சண்டையிட்டார்" என்று எழுதிவிடாதீர்கள். காரியத்துக்கு வரும் பழைய 'தம்பி' (சாப்பர்ஸ் வீரர்) ஒருவர் சபையிலேயே திருத்தினால் சங்கடம்.

எந்தக் கம்பெனி (படைக்குழு), எந்த ஆண்டு எங்கே என்ற விவரத்துக்கு அந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் (பணிப்பதிவு) அலுவலகத்துக்கு எழுத வேண்டும். சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு (ராணுவ மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) செகந்திராபாத். ஆர்மி நம்பர், பதவி, சேர்ந்த – விலகிய தேதிகள், இறப்புச் சான்றின் நகல், வாரிசு என்பதற்கான ஆதாரம் எல்லாம் ஒரே உறையில் போகட்டும். நம்பர் இல்லாத கடிதத்தை வைத்து அங்கே ஒன்றும் தேட முடியாது. பதில் வர மாதங்கள் ஆகலாம். ஆண்டு நினைவு நாள் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி அம்மா. "1971-ல் அப்பா என்ன செய்தார்?" என்று கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்பார். "பெரியவள் பிறந்தப்போ அப்பா எந்த ஊர்ல இருந்தார்? லீவு கெடச்சுதா? மணியார்டர் எந்தத் தேதிக்கு வரும்?" என்று பிள்ளைப்பேறு, பள்ளிக்கூடம், லீவு வரிசையில் கேளுங்கள், தானாக வரும். ஃபீல்ட் போஸ்டிங்கில் (களப் பணியில்) குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. பீஸ் ஸ்டேஷன் (களப் பகுதி அல்லாத முகாம்) கிடைத்து, குவார்ட்டர்ஸும் கிடைத்தால்தான் சேர்ந்து இருக்கலாம். அந்த இரண்டு, மூன்று வருடங்கள்தான் பல வீடுகளில் அப்பா குடும்பத்தோடு இருந்த காலம். உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ்களில் அந்த ஊர்ப் பெயர்கள் இருக்கும், எடுத்துப் பாருங்கள். பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், ஏர்பிளேன் மோடில் போடுங்கள். அரை மணிக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

வங்கிக் காவலர் வேலையை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பட்டாளத்தைவிட அங்கேதான் கூடுதல் காலம் இருந்திருக்கிறார். உங்கள் படிப்பும் கல்யாணமும் பெரும்பாலும் அந்தச் சம்பளத்தில்தான் நடந்திருக்கும்.

அச்சு வேலைக்கு: ஏ5 அளவு, நடுவில் பின் அடிக்கும் புத்தகம். பக்க எண்ணிக்கை 4-ன் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கம் தாராளம். படங்களை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள், குரூப் போட்டோ என்றால் 1200. குரூப் போட்டோவின் அட்டையை வெட்டாதீர்கள், பெயர் வரிசை அதில்தான் அச்சாகியிருக்கும். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு ஸ்கேனரில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். நூறு, இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும். ராயப்பேட்டை ஜானி ஜான் கான் சாலையில் விசாரித்தாலே நாலு இடத்து விலை தெரிந்துவிடும். கடைசிப் புரூஃபில் தேதிகளையும் உறவினர் பெயர்ப் பட்டியலையும் இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனால் மலர் வந்த நோக்கமே கெட்டுவிடும்.

கேள்வி: பதக்கங்கள் கறுத்துவிட்டன. பிராஸோ போட்டுத் தேய்த்து ஃபிரேம் செய்யலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: தேய்க்காதீர்கள். பதக்கத்தின் விளிம்பிலோ பின்புறத்திலோ எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். பாலிஷ் போடப் போட முதலில் மழுங்குவது அந்த எழுத்துதான். அந்தப் பெயர் அழிந்தால் அது யாருடையது என்று சொல்ல வேறு சாட்சி இல்லை. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஃபிரேம் கடைக்காரர் பின்பக்கம் பசை வைக்கப் பார்ப்பார், விடாதீர்கள். நூலால் கட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக்கும் பதக்கத்துக்கும் நடுவே ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் ரிப்பன் வெளுத்துவிடும். முன்பு சொன்னவற்றில் இந்த நான்கும் இருந்தால் வரிசை, பார்ப்பவரின் இடமிருந்து: சமர் சேவா ஸ்டார், பூர்வி ஸ்டார், ரக்ஷா, சங்கிராம். டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்ய வேண்டாம். அந்தச் சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது.

கேள்வி: தாத்தாவின் உடல்மீது தேசியக் கொடி போர்த்த நினைத்தோம். உறவினர் ஒருவர் கூடாது என்றார். எது சரி?
– வாசகர், பல்லாவரம்

பதில்: உறவினர் சொன்னதுதான் சரி. அரசு மரியாதை, முப்படை, துணை ராணுவப் படைகளின் இறுதிச் சடங்குகளில்தான் கொடியைப் போர்த்தலாம். குடும்பமே வாங்கிப் போர்த்துவதைக் கொடிச் சட்டம் அனுமதிக்கவில்லை. முறைப்படி போர்த்தும்போதும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும்; எரியூட்டும் முன் எடுத்துவிட வேண்டும். ஓய்வு பெற்ற எல்லோருக்கும் ராணுவ மரியாதை தானாக வந்துவிடாது. ஆனாலும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ரெஜிமென்ட் சங்கத்துக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். மலர் வளையத்தோடு நாலு பேராவது வருவார்கள்.

கேள்வி: அப்பாவின் ஓய்வூதியம் அம்மாவுக்கு வர என்ன செய்ய வேண்டும்? ராணுவப் பதிவில் அம்மா பெயர் 'லட்சுமி', ஆதாரில் 'லட்சுமி அம்மாள்'.
– வாசகர், தாம்பரம்

பதில்: இறப்பை 21 நாளுக்குள் பதிந்து சான்று வாங்குங்கள். கையோடு ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் இறப்பைத் தெரிவியுங்கள். தாமதித்தால் அப்பா கணக்கில் ஏறும் பணத்தைப் பிறகு பிடித்துக்கொள்வார்கள். குடும்ப ஓய்வூதியம் இறந்த மறுநாளிலிருந்து கணக்கு. முதிய வயதில் இறந்தவர் என்றால் கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம். அம்மாவுக்கு 80 நிறைந்தால் அதன்மேல் 20 சதவீதமும், 85-ல் 30, 90-ல் 40 சதவீதமும் கூடும். அம்மா பிறந்த தேதி பதிவில் தப்பாக இருந்தால் இந்தக் கூடுதல்தான் அடிபடும், அதைப் பாருங்கள்.

பெயர் மாறியிருப்பது சென்னையில் வாரம் ஒருவருக்காவது வரும் சிக்கல். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, ஆதார், பான், வங்கிப் புத்தக நகலோடு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பித் திருத்தம் கேளுங்கள். பழைய பி.பி.ஓ.க்களில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) மனைவி பெயரே இல்லாமலும் இருக்கும். அதற்கும் வழி இதுதான், திருத்திய பி.பி.ஓ. வரும்வரை காத்திருக்க வேண்டும். தனி வங்கிக் கணக்கு அம்மா பெயரில் இப்போதே இருக்கட்டும். ஆயுள் சான்று வருடா வருடம் நவம்பரில்; 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். அஞ்சலி விளம்பரத்தில் ஆர்மி நம்பரையும் பி.பி.ஓ. எண்ணையும் போடாதீர்கள். அதைப் பார்த்துவிட்டு "ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று அம்மாவுக்கே போன் வரும்.

கேள்வி: அப்பாவின் ராணுவக் கேன்டீன் கார்டை நாங்கள் பயன்படுத்தலாமா?
– வாசகர், பரங்கிமலை

பதில்: கூடாது. காரியம் முடிவதற்குள் மாமாக்கள் கேட்பது இந்தக் கார்டைத்தான் என்பது தெரிந்ததே. அதை ஒப்படைத்துவிட்டு அம்மா பெயரில் புதிய கார்டு வாங்குங்கள். இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையிலும் அம்மாவின் நிலையை மாற்ற வேண்டும். குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கு அந்தச் சிகிச்சை உரிமை தொடரும். இரண்டுக்குமே இறப்புச் சான்றும் புதிய பி.பி.ஓ.வும் கேட்பார்கள், நகல் எடுக்கும்போதே பத்து செட்டாக எடுத்துவிடுங்கள்.