பழைய டைவிங் கைக்கடிகாரத்தை முதலீடாகக் கருதலாமா?

கேள்வி: அலுவலகத்தில் கிடைத்த ஊக்கத்தொகையைக் கொண்டு, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ரோலெக்ஸ் சப்மரைனர் கைக்கடிகாரத்தை வாங்க விரும்புகிறேன். அதன் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்கிறார் நண்பர். இதை முதலீடாகக் கருதலாமா?

பதில்: வாங்கலாம்; ஆனால் முதலீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். கைக்கடிகாரம் வட்டியும் தராது, டிவிடெண்டும் தராது. நீங்கள் விற்கப் போகும்போது வணிகர் தமது லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார் என்பதால், சந்தை விலை ஓரளவு உயர்ந்தால்கூடப் போட்ட பணம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். இடையில் சர்வீஸ் செலவும் உண்டு. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட மறுவிற்பனை விலைகள் அதன்பின் கணிசமாகச் சரிந்ததை உங்கள் நண்பர் மறந்துவிட்டார் போலும்.

சேகரிப்பாளர்கள் இவற்றை விரும்பித் தேடுவதற்குக் காரணம் வேறு. சப்மரைனரும், பிளாங்பெய்ன் என்ற மற்றொரு கடிகார நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபேதம்ஸும் 1953-இல் உருவானவை. நீருக்கடியில் கழிந்த நிமிடங்களை, டயலைச் சுற்றியுள்ள சுழலும் வளையமான பெசலைக் கொண்டு அளப்பதற்கான கருவிகளாகவே அவை பிறந்தன. 1960-கள் முதல் 1990-கள் வரையிலான மாடல்கள் பலவற்றின் டயலில், இருளில் ஒளிர்வதற்காக டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு இடப்பட்டது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகளே என்பதால் அந்த ஒளி எப்போதோ மங்கிவிட்டது. மணியைக் குறிக்கும், வெள்ளையாக இருந்த புள்ளிகளும் நாளடைவில் பழுப்பு மஞ்சளாக மாறிவிட்டன. வேறெந்தப் பொருளிலும் குறையாகக் கருதப்படும் இந்த நிறமாற்றத்துக்குத்தான் இங்கே கூடுதல் விலை கொடுக்கிறார்கள்!

ஆகவே பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம். புள்ளிகள் மஞ்சளாகவும் முட்கள் மட்டும் தூய வெள்ளையாகவும் இருந்தால், முட்கள் பின்னாளில் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பட்டை பொருந்தும் கொம்புகளின் விளிம்புகள் கூர்மை இழந்து மெலிந்திருந்தால், கடிகாரத்தின் வெளிக்கூடான கேஸை அளவுக்கு மீறிப் பாலிஷ் செய்திருக்கிறார்கள் என்று பொருள். சர்வீஸின்போது அசல் டயலைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தியிருந்தால், கடிகாரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அசல் பெட்டியும் உத்தரவாதச் சான்றும் உடன் இருப்பது நல்லது. ஆயினும் அவற்றையும் தனியே விலைக்கு வாங்கிச் சேர்த்துவிட முடியும் என்பதால், சான்றிலுள்ள வரிசை எண்ணைக் கடிகாரத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவசரகால நிதியும் காப்பீடும் முறையாக இருந்து, ஊக்கத்தொகையில் இந்தப் பங்கு திரும்பி வராவிட்டாலும் பாதகமில்லை என்றால் மட்டும், நம்பகமான வணிகரிடம் எழுத்துப்பூர்வ உத்தரவாதத்துடன் வாங்குங்கள். இதற்காகக் கடன் வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கிய கையோடு நீர்க்கசிவுச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். டயலில் எத்தனை மீட்டர் ஆழம் என்று பொறித்திருந்தாலும், உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் வயதானவையாக இருக்கலாம்.