நடுவர் நாற்காலி

அன்புள்ள ஐயா,

சாலமன் பாப்பையாவைப் பற்றி மரியாதையோடு எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், கம்பனையும் சிலம்பையும் மேடையில் பேசியவர், டிவிக்குப் போய் பட்டிமன்ற நடுவராக உட்கார்ந்து கணவன் மனைவி சண்டைக்குத் தீர்ப்பு சொல்லியே இத்தனை வருஷத்தைக் கழித்துவிட்டாரே. சிரிக்கவைக்க வேறு ஆளா இல்லை?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

பாப்பையா பிறந்த சாத்தங்குடி உங்கள் ஊர்ப்பக்கம்தானே. அந்த உரிமையில் கோபப்படுகிறீர்கள், சரி. ஆனால் அவர் டிவியில் வீணாகிப்போனார் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நம் பக்கத்துத் திருவிழாக்களில் பட்டிமன்றம் தொடங்க ராத்திரி பத்து மணி தாண்டிவிடும். முன்னால் பாய் விரித்துப் பெண்கள், மடியில் தூங்கும் பிள்ளைகள். பின்னால் டீக்கடை ஓரமாக, பிடிக்காவிட்டால் கிளம்பிவிடலாம் என்று சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்கும் ஆண்கள். அந்தக் கடைசி ஆளை நிறுத்திவைப்பது நடுவரின் பொறுப்பு. பாப்பையாவின் தொழில் உருவானது இப்படிப்பட்ட மேடைகளில்தான்.

பேசுகிறவருக்கு ஒரு கட்சி உண்டு, அதைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம். நடுவர் அப்படி இருக்க முடியாது. ஓர் அணிக்காரர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனதும் கூட்டத்தின் மனசு அவர் பின்னாலேயே போய்விடும். அந்த நேரத்தில் எதிரணிக்காரரை எழுப்பிவிட்டால் அவர் பாடு திண்டாட்டம். பாப்பையா உடனே எழுப்ப மாட்டார். பேசியவரை மனசாரப் பாராட்டுவார், பிறகு தனக்கே ஒரு சந்தேகம் வந்ததுபோல ஒரு கேள்வியைப் போடுவார், நம்மூர்ப் பேச்சில் ஒரு வீட்டுக்கதை சொல்வார். கூட்டம் சிரித்து முடிக்கும்போது மனசு இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். அப்புறம்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார். அந்தச் சிரிப்புக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. தமிழ் டிவியில் நிகழ்ச்சி நடத்துகிற பலரிடம் நான் தேடிக் கிடைக்காத நிதானம் இது.

பட்டிமன்றத்துக்கு ஒரு கட்டுக்கோப்பு வந்ததில் குன்றக்குடி அடிகளாருக்குப் பெரிய பங்கு உண்டு. அதை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் பாப்பையா. 1993-இல் சன் டிவி வந்தது. பொங்கல், தீபாவளி என்றால் பட்டிமன்றம் என்ற பழக்கமும் அப்புறம் வந்தது. பேச்சாளர்கள் ராஜாவும் பாரதி பாஸ்கரும் எதிரெதிர் அணியில் மோதிக்கொள்ள, நடுவில் இவர். படிப்பறிவில்லாத எங்கள் தெருப் பாட்டி ஒருவர், இலைக்குப் பரிமாற வேண்டிய நேரத்திலும் தீர்ப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார். இலக்கிய மேடை எதுவும் அவரை அப்படி உட்காரவைத்ததில்லை.

தலைப்புகள் திரும்பத் திரும்ப வந்தன என்பதில் நியாயம் உங்கள் பக்கம். பண்டிகை நாளுக்குச் சேனல்கள் கேட்டது குடும்பத் தலைப்பு. எனக்கும் சில வருஷம் அலுத்திருக்கிறது. ஆனால் அதே மனிதர்தான் திருக்குறளுக்கு எளிய உரை எழுதினார், புறநானூற்றுக்கும் எழுதினார். 2021-இல் பத்மஸ்ரீ வந்தபோது இலக்கியம், கல்வி என்ற பிரிவில்தான் கொடுத்தார்கள். அந்தக் குறள் உரையைப் புரட்டிப் பாருங்கள். டிவியில் கேட்ட அதே எளிமை அதில் இருக்கும். வகுப்புக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று என்று அவர் இரண்டு தமிழ் வைத்துக்கொள்ளவில்லை.

பழைய நிகழ்ச்சிகள் யூடியூபில் கிடைக்கின்றன. இந்த முறை பேச்சாளர்களை விட்டுவிட்டு, இரண்டு பேச்சுக்கு நடுவே பாப்பையா எடுத்துக்கொள்கிற அந்தச் சில நிமிடங்களை மட்டும் கவனியுங்கள். அதன் பிறகும் உங்கள் வருத்தம் அப்படியே இருந்தால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்