முதுகு வளைவுக்கு ஏன் இரண்டு ஆபரேஷன்?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்ட அக்காவுக்கு: 14 வயது மகளின் வளைவு 105 டிகிரி, இரண்டு கட்டமாகச் செய்யலாம் என்கிறார்கள், ஒரேயடியாக நிமிர்த்த முடியாதா என்று கேட்டிருந்தீர்கள்.

என் அக்கா மகளுக்கும் இப்படித்தான் நடந்தது. அதனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

சாதாரணமாக 45, 50 டிகிரியைத் தாண்டினாலே ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். 100 டிகிரியைத் தாண்டினால் அது பெரும்பாலும் ரொம்ப இறுகிய வளைவாக இருக்கும். எலும்போடு உள்ளே இருக்கும் தண்டுவடமும் வளைந்தே பழகியிருக்கும். சட்டென்று இழுத்தால் நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து கால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் முதல் ஆபரேஷனில் இறுகிய மூட்டுகளையும் தசைநார்களையும் தளர்த்துகிறார்கள்.

அப்புறம் சில வாரங்கள் ஹாலோ டிராக்ஷன். மண்டையோட்டில் ஒரு வளையம் பொருத்தி, அதை மேல்நோக்கி இழுக்கத் தொங்கவிடும் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். முடிவில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி வரைகூடப் போகும். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் பிள்ளை சக்கர நாற்காலியில் உட்காரலாம், நடைசட்டம் பிடித்து நடக்கலாம், நன்றாகச் சாப்பிடலாம். நுரையீரலுக்கும் விரிய இடம் கிடைக்கும். எங்கள் பிள்ளைக்கு மூச்சிரைப்பு குறைந்ததே அந்த நாட்களில்தான்.

கை, கால், கண் அசைவை தினமும் சோதிப்பார்கள். மரத்துப்போகிறது என்று அவள் சொன்னால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது கட்டத்தில் திருகாணி, கம்பி வைத்து எலும்புகளை இணைப்பார்கள். அந்த நேரத்தில் நரம்புச் சமிக்ஞையைக் கருவியில் கண்காணிப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.