கட்டைகளை அடுக்கினால் நிரலா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஸ்கிராட்ச் மொழியில் விளையாட்டுகள் செய்கிறாள். இது உருப்படியான படிப்பா? வரி வரியாகத் தட்டச்சு செய்யும் பைத்தான் மொழிக்கு மாற்றிவிடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: படிப்புதான், ஐயா. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட நிரல் மொழி அது. கட்டளைகள் எல்லாம் திரையில் கட்டைகளாக இருக்கும், அவற்றை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல். பொருந்தாத கட்டைகள் ஒட்டவே ஒட்டாது. தட்டச்சு செய்யும் மொழிகளைப் போல ஓர் அரைப்புள்ளி (;) விடுபட்டதற்காக இரவெல்லாம் கண்விழிக்கும் கொடுமை இல்லை. (சி மொழியில் நான் பட்டது போதும்.) முட்டம் கலங்கரை விளக்கின் ஒளி சுழல்வதை என் அண்ணன் மகன் ஒரே மாலையில் செய்துவிட்டான். மடக்கு (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது) என்றால் என்னவென்று நான் விளக்கவே இல்லை.

சிக்கல் பிறகு வந்தது. குளச்சல் மீன் ஏலக் கணக்கை எழுத ஆசைப்பட்டான். ஸ்கிராட்சில் பட்டியலுக்குள் பட்டியல் வைக்க முடியாது. நாமே உருவாக்கும் கட்டை, கணக்கிட்ட விடையை நிரலின் மற்ற பகுதிக்குத் திருப்பித் தராது. அதனால் படகுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என மூன்று பட்டியல்கள். திரை நிறையக் கட்டைகள். ஒரு பிழையைத் தேடி மேலும் கீழும் உருட்டியே கை ஓய்ந்தது. பைத்தானில் அது சில வரிகளில் முடிந்தது.

உங்கள் மகளும் இப்படி ஒருநாள் முட்டி நிற்பாள். பைத்தானை அன்றைக்குக் கொடுங்கள். அதற்குள் கைபேசிச் செயலி செய்யும் ஆசை வந்தால் ஆப் இன்வென்டர் இருக்கிறது, அதுவும் கட்டைதான்.